நரைத்தலை வில்லியமும் ராசு என்கிற முனியாண்டியும்

அந்தத் தாள் இப்போது என் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. ஆறடி நீளம், கட்டட வரைபடம் எடுக்கிற தடித்த தாள். உச்சியில் ஒரு வில்லியம், அவனுக்குக் கீழே ஒரு ராபர்ட், ராபர்ட்டுக்குக் கீழே மறுபடி ஒரு வில்லியம் என்று ஒரு நார்மன் பிரபு வம்சம் கிளை பிரிந்து இறங்கி, ஆஸ்திரேலியாவில் பல் பிடுங்கிக்கொண்டிருக்கிற ஒரு மனிதர் வரைக்கும் வருகிறது. வருகிறது என்றும் சொல்ல முடியாது. மேலிருந்து மூன்றாம் பெயருக்கும் நான்காம் பெயருக்கும் நடுவே இரண்டு விரற்கடை அகலத்துக்கு வெறும் வெள்ளை. அங்கே கோடு இல்லை, புள்ளிக்கோடுகூட இல்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் “பிரிண்டிங் கோளாறா அங்கிள்?” என்று கேட்கிறார்கள். “யாரோ வெள்ளைக்காரன் குடும்பத்த நடுவீட்டுல மாட்டி வச்சிருக்கீங்களே, கழட்டுங்களேன்” என்று என் மனைவி மாதம் ஒரு முறையாவது சொல்லிவிடுகிறாள். நான் கழற்றவில்லை. ஒரு நாளைக்கு நாலு தடவை எழுந்துபோய் அதன் முன்னால் நிற்கிறேன், அந்த வெள்ளை இடத்தைப் பார்க்கிறேன், திரும்பி வந்து உட்காருகிறேன். உட்கார்ந்தால் மறுபடி எழுந்திருக்கத் தோன்றுகிறது.

அதைத் தயாரித்தவர் அக்கா. கூடப் பிறந்த அக்கா அல்ல. பிரிக்ஃபீல்ட்ஸில், பூமாலைக் கடைகளுக்கு மேலே இரண்டாம் மாடியில் இருந்த அலுவலகத்தில் என்னோடு வேலை பார்த்தவர். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். ஆனால் எங்கள் எல்லாருக்கும் அவர் அக்கா; அவரைவிட வயதில் பெரிய முதலாளிகூட அக்கா என்றுதான் கூப்பிடுவார். கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் வந்து, மொனோரெயில் தூண்களுக்கு அடியில் நிழல் பார்த்து நடந்து, எட்டே முக்காலுக்கெல்லாம் மேசையில் இருப்பார். கைப்பைக்குள் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கும். அந்த உறையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் வேலையைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பிரான்சின் வடகரையிலிருந்து கடல் தாண்டிப் போய் இங்கிலாந்தைப் பிடித்த ஒரு டியூக்கோடு சில பிரபுக்கள் போனார்களாம். அவர்களுடைய பரம்பரையில் வந்தவர்கள் தாங்கள் என்று நம்புகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் வெளிநாட்டு நிறுவனம் ஒன்று, மடங்களின் பழைய தானப் பத்திரங்களின் படங்களையும் அவற்றின் ஆங்கிலச் சுருக்கங்களையும் எங்களுக்கு அனுப்பும். யார் யாருக்கு மகன், எந்த நிலத்தை எந்த மடத்துக்கு எழுதிக் கொடுத்தான், சாட்சி போட்டவன் யார் என்று ஒத்துப்பார்த்துக் கோடு போடுவது எங்கள் வேலை. ரப்பர் தோட்டத்திலும் ரயில்வே வரிசை வீடுகளிலும் பிறந்த ஏழெட்டுப் பேர் ஒரு குளிர்சாதன அறைக்குள் உட்கார்ந்து, நார்மண்டிப் பிரபுக்களுக்கு அப்பா தேடிக்கொண்டிருந்தோம்.

அக்கா இந்த வேலையை முதல் வாரத்திலேயே பிடித்துக்கொண்டாராம். மற்றவர்கள் எல்லாரும் அந்தப் பிரபுக்களின் குடும்பப் பெயரைத் தேடி மண்டை காய்ந்தபோது, அக்கா, “இவனுங்களுக்கு ஏதுப்பா குடும்பப் பேரு? நம்மள மாதிரி அப்பன் பேரத்தான் பின்னாடி போட்டுக்கறானுங்க. தாத்தன் பேர பேரனுக்கு வைக்கறானுங்க. ஒரே பேரா இருந்தா நெட்டையன், செவலையன்னு பட்டப்பேரு. எங்க தோட்டத்துல ஆள் கூப்பிடற பேர்க்கட்டு மாதிரியேதான் இருக்கு” என்றாராம். நான் சேர்ந்தபோது அதை ஒரு பெருமையாக எனக்குச் சொன்னார்கள்.

அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. இரண்டு பேரும் ஒரே காகிதத்தில் அப்பன், மகன் என்று இருந்தால் மட்டும் பேனாவால் கோடு போடுவார். அநேகமாக இருக்கலாம் என்று தோன்றுகிற இடங்களில் மற்றவர்கள் புள்ளிக்கோடு போடுவோம். நிறுவனமே அதை அனுமதித்திருந்தது. அக்கா போடமாட்டார். பல் மருத்துவருடைய வம்சத்தில் அவர் முட்டி நின்ற இடம் அதுதான். ஒரு பத்திரத்தில் ‘நரைத்தலை வில்லியம், ராபர்ட்டின் மகன்’ என்று இருக்கிறது. இன்னொன்றில் வெறும் ‘வில்லியம், ரிச்சர்ட்டின் தந்தை’. இரண்டும் ஒரே ஆள் என்றால் வம்சம் நேராக அந்த டியூக்கின் கப்பலுக்குப் போய்விடும். இரண்டாவது பத்திரத்தின் மூலம் அழிந்துவிட்டது. ஒரு மடத்துச் சாமியார் பழைய பத்திரங்களையெல்லாம் ஒரே புத்தகத்தில் நகல் எடுத்து வைத்ததுதான் மிச்சம். மூலம் தப்பிப் பிழைத்த வேறு சில பத்திரங்களோடு அந்த நகல்களை வைத்துப் பார்த்தோம். சாமியார் பட்டப்பெயர்களைக் கண்ட இடத்தில் வெட்டியிருந்தார். நரைத்தலை, நெட்டை, வாயாடி எல்லாம் மூலத்தில் இருக்கிறது, நகலில் இல்லை. தெய்வத்துக்குக் கொடுத்த நிலத்தின் பத்திரத்தில் கேலிப்பெயர் எதற்கு என்று நினைத்திருக்க வேண்டும்.

“அப்புறம் என்னக்கா, இங்கயும் அவருதான் வெட்டியிருப்பாரு. ஒரு புள்ளிக்கோடு போட்டா குடியா முழுகிடும்?” என்று முதலாளி கெஞ்சினார். பல் மருத்துவர் நாளுக்கு இரண்டு மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்தார்.

“வழக்கமா வெட்டுவாருங்கறது வேற பாஸ், இந்த எடத்துல வெட்டினாருங்கறது வேற. நீங்க வேணும்னா போட்டுக்குங்க. கீழ என் பேர எடுத்துடுங்க லா” என்றார் அக்கா.

முதலாளி போடவில்லை. பல் மருத்துவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். தாள் எங்கள் அலுவலகச் சுவரிலேயே தங்கிவிட்டது. அதைக் கடந்து போகும்போதெல்லாம் அக்கா அந்தச் சாமியாரைத் திட்டுவார். வாய்க்கு வந்தபடி, ரசித்து, பக்கத்து வீட்டுக்காரனைத் திட்டுவதுபோலத் திட்டுவார். “எண்ணூறு வருஷமா ஒருத்தன் அப்பன் இல்லாம நிக்கறான் பாரு. நாசமாப்போற சாமியாரு, உன் பேனாவ ஒடைக்க.” நாங்கள் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன். அதை நினைத்தால் இப்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அக்காவின் கைப்பையில் இருந்த பிளாஸ்டிக் உறைக்கு வருகிறேன். அவர் ஜெஞ்சாரோம் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். இந்த மலாய் மண்ணை விட்டு எங்கேயும் போனதில்லை. ஆனால் அவருடைய அடையாள அட்டை சிவப்பு. குடிமக்களுக்குரிய நீல அட்டை அவருக்குக் கிடைக்கவில்லை. பொதுத்தேர்தல் முடிந்த மறுநாள் நாங்கள் எல்லாரும் விரலில் மையோடு வருவோம். யார் வரிசையில் எவ்வளவு நேரம் நின்றோம் என்று கதை அளப்போம். அக்கா அன்று மட்டும் யார் கையையும் பார்க்காமல் திரையைப் பார்த்தபடி இருப்பார். ஒருமுறை தேத்தண்ணீர் இடைவேளையில், “சாகறதுக்குள்ள ஒரு தடவ எனக்கு அந்த மை வைக்கணும்ப்பா. எவனுக்கு ஓட்டுப் போடறேங்கறதெல்லாம் அப்புறம்” என்றார். அவர் பெரிதாக எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. இதை மட்டும்தான் கேட்டார்.

அவருடைய சிக்கல் இவ்வளவுதான். அப்பாவின் நீல அட்டை பத்திரமாக இருக்கிறது. அதில் பெயர் முனியாண்டி. அக்காவின் பிறப்புப் பத்திரத்தில் அப்பா பெயர் ராசு. இரண்டும் ஒரே ஆள் என்று காட்டிவிட்டால் நீல அட்டைக்கு வழி பிறக்கும். காட்ட ஒரு காகிதமும் இல்லை. அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டார். அவரிடம் பிறப்புப் பத்திரமே இருந்ததில்லை.

பெயர் எப்படி இரண்டானது என்று அக்கா சொல்லிக் கேட்க வேண்டும். அக்காவின் அப்பா பிறந்தபோது, அந்தப் பிள்ளைக்கு அதன் தாத்தாவின் பெயரான முனியாண்டியை வைத்தார்கள். பெற்றவளுக்கு அது மாமனார் பெயர். மாமனார் பெயரை வாயால் சொல்லிப் பிள்ளையைக் கூப்பிட முடியுமா, அதட்ட முடியுமா? ராசு என்று கூப்பிட்டாள். தோட்டம் முழுக்க அவர் ராசு ஆனார். பிறகு அக்கா பிறந்தபோது, பதிவுக்காகத் தோட்டத்து எழுத்தரான கிராணி வந்து தகப்பன் பெயரைக் கேட்டிருக்கிறார். அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போயிருந்தார். அம்மா புருஷன் பெயரைச் சொல்லமாட்டாள், தலையைக் குனிந்துகொண்டாள். ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்க்கிற அம்மாள் பக்கத்தில் நின்றவள், “ராசுவோட புள்ளைங்க” என்று சொல்ல, கிராணி அதையே எழுதிக்கொண்டு போய்விட்டார். “ரெண்டு பொம்பளைங்க மரியாதை குடுத்தாங்க. நான் சிவப்பு ஐசியோட சுத்தறேன்” என்பார் அக்கா, சிரித்துக்கொண்டே.

விண்ணப்பம் இரண்டு முறை திரும்பி வந்தது. மூன்றாவது முறை கவுண்டரில் இருந்த அதிகாரி, நல்ல மனிதர், மெதுவாகச் சொன்னாராம்: பழைய காகிதம் ஏதாவது, அச்சில் இருந்தால் இன்னும் நல்லது, இரண்டு பெயரும் சேர்ந்து இருக்கிறமாதிரி கொண்டு வாருங்கள். அக்கா அன்று அலுவலகத்துக்கு ஓடாத குறையாக வந்தார். முகம் அப்படி மலர்ந்திருந்தது. “இருக்குப்பா! அப்பா செத்தப்ப எங்க அண்ணன் பேப்பர்ல போட்டாரு. ‘ராசு என்கிற முனியாண்டி’ன்னு எழுதி எங்கிட்டப் படிச்சிக் காட்டிட்டுத்தான் குடுத்தாரு. வீட்டுல வெட்டி வச்சது வெள்ளத்துல போச்சு. பழைய பேப்பர் வச்சிருக்கற லைப்ரரி இருக்கில்ல? நீ பேப்பர்ல வேலை பாத்தவன்தானே, கூட வா.” நாங்கள் தேடக் கிளம்பியபோது அந்த அண்ணன் உயிரோடு இல்லை.

நான் முன்பு ஒரு தமிழ் நாளிதழில் புரூஃப் ரீடர். பன்னிரண்டு வருடம் இருந்தேன். மரண அறிவித்தல் பக்கம் முழுக்க என் பொறுப்பு. இதை அக்காவுக்குச் சொல்லியிருந்தேன். ஆனால் அந்த நேரத்தில் எனக்கே எதுவும் உறைக்கவில்லை, அக்காவின் சந்தோஷம்தான் எனக்கும் தொற்றிக்கொண்டது.

ஒரு சனிக்கிழமை காலையில் போனோம். அக்கா அப்பாவின் இறப்புப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு தேதி சொல்ல, நான் நூலகக் கருவியில் பழைய நாளிதழ்ப் படச்சுருளைத் திருகினேன். இறந்த மறுநாள் நாளிதழ், ஏழாம் பக்கம், இடது மூலை. படம் இல்லாத சின்ன அறிவித்தல். ‘கிள்ளானைச் சேர்ந்த திரு. முனியாண்டி அவர்கள் மண்ணுலக வாழ்வை நிறைவு செய்தார்.’ அவ்வளவுதான். ராசு இல்லை.

அக்கா திரைக்கு மிக அருகில் குனிந்து படித்தார். ஒரு வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தார். பிறகு நிமிர்ந்து, “அதான் ஒருத்தரும் வரல” என்றார். தோட்டம் மூடி, குடும்பங்கள் ஊர் ஊராகச் சிதறிய பிறகு நடந்த சாவு அது. டெங்கில், செலாயாங், பந்திங் என்று போனவர்களுக்கு நாளிதழ்தான் சேதி. “அப்பாவுக்கு ஊரே பழக்கம். சாவுக்குப் பதினேழு பேருதான் வந்தாங்க, நான் எண்ணினேன். சனங்க மறந்துட்டாங்கன்னு இத்தன வருஷமா மனசுக்குள்ள ஏசிட்டு இருந்தேன். முனியாண்டின்னா யாருக்குத் தெரியும்?”

‘மண்ணுலக வாழ்வை நிறைவு செய்தார்’ என்பது என் வாக்கியம். காலமானார், சிவபதம் அடைந்தார் என்று எது வந்தாலும் அழித்துவிட்டு அதைத்தான் போடுவேன். வேறு எந்த நாளிதழிலும் அது கிடையாது. அதில் எனக்கு ஒரு கர்வம். இன்னொரு வழக்கமும் வைத்திருந்தேன். ராசு, குட்டி, மணியன், கறுப்பாயி என்று வீட்டில் கூப்பிடுகிற பெயர்களை வெட்டிவிடுவேன். செத்தவருக்குக் கடைசியாகக் கிடைக்கிற அச்சு இது, அதில் ஒரு கௌரவம் வேண்டாமா என்பேன். யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. நானாக நினைத்துக்கொண்டது. நானாகப் பன்னிரண்டு வருடம் செய்தது.

பதினோரு நாள் நான் அக்காவிடம் சொல்லவில்லை. அந்தப் பதினோரு நாளும் எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். மேசையில் உட்கார்ந்தால் கால் ஆடிக்கொண்டே இருக்கும். எழுந்து தண்ணீர் குடிப்பேன், ஜன்னலுக்குப் போவேன், கீழே மாலை கட்டுகிறவர்களைப் பார்ப்பேன், திரும்பும்போது சுவரில் அந்தத் தாள். அக்கா மட்டும் வழக்கம்போல வேலை செய்தார். ஆனால் சாமியாரைத் திட்டுவதை நிறுத்திவிட்டிருந்தார். திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பன்னிரண்டாம் நாள், மற்றவர்கள் மதியச் சாப்பாட்டுக்குக் கீழே இறங்கிய பிறகு, அவர் மேசைக்கு எதிரே போய் நின்றேன்.

“அக்கா, அந்தப் பக்கத்துக்குப் புரூஃப் பாத்தது நான்தான்கா.”

“எந்தப் பக்கத்துக்கு?” என்றார். பிறகு அவருக்கே புரிந்துவிட்டது. என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் சுவரைப் பார்த்தார். “அப்ப நீதானா அந்தச் சாமியாரு?”

சிரித்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். அவர் சிரிக்கவில்லை. “எதுக்குடா வெட்டின?” என்றார். அத்தனை வருடத்தில் என்னை அவர் ‘டா’ போட்டது அன்றுதான்.

“மரியாதைக்குத்தான்கா. வீட்டுப் பேர போய் அச்சுல...”

“எங்கப்பனுக்கு அது வீட்டுப் பேரு இல்லடா. அதான் அவரு பேரு.”

அவர் நாற்காலியை இழுத்துக்கொண்டு அறையின் மறுகோடிக்குப் போனார். ஒன்றரை வாரம் என்னோடு பேசவில்லை. எதிரே வந்தால் அவர் வழி விடுவார், நான் சுவரோடு ஒட்டுவேன். பிறகு ஒரு காலையில் என் மேசைக்குப் பக்கத்தில் நின்று, “பசியாறிட்டியா?” என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். “அப்ப வா” என்று கீழே கூட்டிக்கொண்டு போனார்.

அந்தப் பசியாறல் மேசையில்தான் நான் என் யோசனையைச் சொன்னேன். நானே சத்தியப் பிரமாணம் எழுதித் தருகிறேன் என்றேன். மறுநாளே மலாயில் தட்டச்சு செய்து கொண்டுவந்தேன். அக்காவின் அண்ணன் கொடுத்த வாசகத்தில் இரண்டு பெயரும் இருந்தன, அதில் ஒன்றை நீக்கியது நான், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது என்று எழுதியிருந்தேன். சத்தியத்துக்கு முத்திரை போடுகிறவரின் அறை எங்கள் தெருவிலேயே, பத்துக் கடை தள்ளி மாடியில். படியேறும் முன்னால் அக்கா தாளை வாங்கிப் படித்தார்.

“ஞாபகம் இருக்கா?”

“இருக்குன்னு வச்சுக்குங்களேன்கா. வெட்டினது நான்தானே, வேற யாரு?”

“வச்சுக்கறதா? என் அப்பா பேர நீ பாத்தது உனக்கு ஞாபகம் இருக்கா, இல்லையா?”

இல்லை. சத்தியமாக இல்லை. ஒரு நாளைக்கு இருபது முப்பது சாவு என் கையில் போகும். வெட்டிய ராசுக்களும் குட்டிகளும் எத்தனை என்று யாருக்குத் தெரியும். இல்லைக்கா என்றேன். அக்கா தாளை இரண்டாகக் கிழித்து என் சட்டைப்பையில் செருகினார். “அவனுங்க கப்பல்ல போன கதைக்கே நான் பொய்க்கோடு போடல. எங்கப்பனுக்குப் போடுவனா?” என்றார். எனக்கு வந்ததே கோபம். பைத்தியமா இந்த மனுஷி என்று தோன்றியது. வாய்விட்டுச் சொல்லியும் விட்டேன். ஒரு வரிதான் அக்கா, யாருக்கு என்ன நஷ்டம், மை வைக்க வேண்டாமா உங்களுக்கு என்று நடைபாதையில் நின்று கத்தினேன். மாலை கட்டுகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, “வழக்கமா வெட்டுவேன்னு மட்டும் எழுது. அது நெசம்” என்றார்.

அப்படியே எழுதினேன். அதிகாரி படித்துப் பார்த்து, வருத்தப்பட்டு, இது போதாது என்று சொன்னார். போதாதுதான். அக்காவின் கணக்கிலேயே அது போதாது.

அதற்கப்புறம் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அவருடைய அப்பாவின் நினைவு நாளுக்கு நான் முன்பு வேலை பார்த்த நாளிதழில் ஒரு நினைவஞ்சலி கொடுத்தேன். ‘ஜெஞ்சாரோம் பக்கத் தோட்டத்தில் வாழ்ந்து கிள்ளானில் மறைந்த ராசு என்கிற முனியாண்டி.’ கீழே மகளும் குடும்பமும் என்று போட்டு, என் தொலைபேசி எண். அச்சேறும் வரை கூடவே நின்றேன். புரூஃப் பார்த்த பெண் ‘ராசு என்கிற’வின் மேல் பென்சிலைக் கொண்டுபோனபோது, “கைய எடும்மா!” என்று நான் போட்ட சத்தத்தில் அவள் மிரண்டுவிட்டாள்.

காலை ஏழு மணிக்கு முதல் அழைப்பு. ஒரு முதியவரின் குரல். “யாரு, நம்ம ராசு அண்ணனா? மேட்டு லயத்து வீட்டு ராசு அண்ணனா? எப்பப்பா?” இருபது வருடம் முன்னால் என்றேன். அதற்குப் பிறகு ஒவ்வொருவராக. இருபது வருடம் முன்னால் நான் பென்சிலால் நிறுத்திவைத்த சாவை, அன்றைக்கு நானே ஒவ்வொருவருக்கும் சொன்னேன். டெங்கிலிலிருந்து பேசிய ஓர் அம்மாள் அழுதுகொண்டே, “தெனம் சாவுப் பக்கம் பாக்கறவதாம்ப்பா நானு. எப்படி விட்டேன்னு தெரியலையே” என்றாள்.

“நீங்க விடலம்மா. விட்டது நான்தான்” என்றேன். அவளுக்குப் புரியவில்லை. அக்காவின் முகவரியைக் கேட்டு எழுதிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் அக்கா வீட்டு வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. ஒரு வேன் பிடித்துக்கூட வந்திருந்தார்கள். அன்றுதான் சாவு நடந்ததுபோல, உள்ளே நுழையும்போதே பெண்கள் ராசு, ராசு என்று பெயர் சொல்லி அழுதார்கள். அக்கா முதலில் யார் யார் என்று விழித்தார். பிறகு ஒவ்வொருவர் கையாகப் பிடித்துக்கொண்டு அவரும் அழுதார். அந்தப் பதினேழு பேரோடு நின்றபோது அழாததையெல்லாம் சேர்த்து அழுதார் என்று நினைக்கிறேன். நான் வாசலிலேயே நின்றேன். உள்ளே போக எனக்குத் தைரியம் வரவில்லை.

செலாயாங் சந்தையில் காய்கறி மூட்டை ஏற்றிய காலத்தில் முதுகு வளைந்துபோன ஒரு பெரியவர், தேத்தண்ணீரை ஆற்றிக்கொண்டு சொன்னார்: “காலையில பேர் கூப்பிடற பெரட்டுக்கு வரிசையா நிப்போம். கிராணி பேர்க்கட்டப் பாத்து ‘முனியாண்டி’ம்பாரு. ராசு அண்ணன் ‘இருக்கேன்’ம்பாரு. தெனம் அவரு பக்கத்துல நின்னவன் நானு.” அக்கா அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். “மாமா, இத சத்தியம் பண்ணிச் சொல்லுவீங்களா? நெசமா ஞாபகம் இருக்கா?” என்று கேட்டார். “என்ன கேள்வி இது? இப்பவும் காதுல கேக்குது” என்றார் பெரியவர். அவரும் இன்னும் இரண்டு பேரும் மறுவாரம் வந்து கையெழுத்திட்டார்கள்.

விண்ணப்பம் உள்ளே போய் இரண்டு வருடம் ஆகிறது. இன்னும் பதில் வரவில்லை. பரிசீலனையில் இருக்கிறது என்று ஒரு கடிதம் வந்தது, பிறகு அதே கடிதம் இன்னொன்று. அக்கா வேலையை விட்டுக் கிள்ளானிலேயே இருக்கிறார். வியாழக்கிழமைதோறும் நான் கூப்பிட்டு, தபால் வந்ததா என்று கேட்பேன். “உனக்குத்தான் ரொம்ப அவசரம்” என்பார். இடையில் ஒரு தேர்தல் வந்து போனது. நான் ஓட்டுப் போட்டேன். விரலில் மை மறையும் வரை அவர் வீட்டுப் பக்கம் போகவில்லை. தேர்தல் மறுநாள் அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்த முகம் இன்னும் எனக்குக் கண்ணுக்குள் நிற்கிறது.

தாள் என் வீட்டுக்கு எப்படி வந்தது என்று சொல்லாமல் விட்டேன். அந்த மூன்று பேரும் சத்தியம் செய்துவிட்டுப் போன பிற்பகல், அக்கா அலுவலகத்துக்கு வந்து சுவரிலிருந்து அதைக் கழற்றினார். மேசைமேல் குப்புறப் போட்டு, வெறுமையாக இருந்த முதுகில், அடியில் தன் பெயரை எழுதினார். அதற்கு மேலே ஒரு கோடு. புள்ளி இல்லாத கோடு, பேனாவால். கோட்டின் உச்சியில் ‘முனியாண்டி’ என்று எழுதி, அதற்கு முன்னால் ஒரு சாண் இடம் விட்டு நிறுத்திக்கொண்டார். பேனாவை என் பக்கம் நீட்டினார்.

“நீ வெட்டினத நீயே எழுது.”

ராசு என்று எழுதிவிட்டு அவரைப் பார்த்தேன்.

“‘என்கிற’வும் போடு” என்றார்.

போட்டேன். அக்கா தாளைச் சுருட்டி என் கையில் கொடுத்துவிட்டார். என் மனைவிக்கு இதெல்லாம் தெரியாது, தாளின் முன்பக்கம்தான் தெரியும். வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் நான் அதைத் திருப்பி மாட்டி வைக்கிறேன். சாயங்காலம் அவள் வருவதற்குள் மறுபடி வில்லியம் பக்கம் திருப்பிவிடுகிறேன். நீல அட்டை வருகிற அன்றைக்கு ராசு பக்கத்தை வெளியே வைத்து மாட்டிவிட்டு, எல்லாரிடமும் சொல்லிவிடுவேன். இன்றைக்கு வியாழக்கிழமை. அக்காவைக் கூப்பிட வேண்டும்.